விலைச்சீட்டைப் படியுங்கள், பற்றுச்சீட்டைக் கேளுங்கள்!

(வலிகாமப் பகுதியிலுள்ள வாசிகசாலை ஒன்றில், கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை.)

அரசியல் மேடையிலே நிற்கும் ஒருவனை அழைத்துப் பருப்பு விலையையும் கடைக்காரரின் உபசாரத்தையும் பற்றிப் பேசச் சொல்கிறார்களே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால், தன் கையிலுள்ள பற்றுச்சீட்டை வாசித்து, "இது பிழை" என்று சொல்லத் துணியாத ஒரு சமுதாயம், பாராளுமன்றம் இயற்றும் சட்டத்தை வாசித்து அதனைப் பிழையென்று சொல்லப்போகிறதா? உரிமை என்பது மேடையிலே மட்டும் கேட்கப்படும் பொருளன்று. காசு கொடுக்கும் மேசையிலும் அது கேட்கப்பட வேண்டும்.

சென்ற மாதம் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். நகரத்திலுள்ள பல்பொருள் அங்காடி ஒன்றுக்கு, நாம் சாதாரணமாகச் சுப்பர் மார்க்கெற் என்று சொல்லும் ஓரிடத்துக்கு, மாலை வேளையிலே சென்றிருந்தேன். காசு வாங்கும் மேசைகள் ஆறு இருந்தன. ஆள் இருந்தவை இரண்டு. அரை மணித்தியாலம் வரிசையில் நின்று மேசையை அடைந்தபோது, பருப்புக்கு இறாக்கையில் ஒட்டியிருந்த விலைக்கும் பற்றுச்சீட்டில் விழுந்த விலைக்கும் 35 ரூபா வித்தியாசம் இருந்தது. கேட்டேன். "எங்களுக்குத் தெரியாது ஐயா, கணினியில் உள்ளதுதான் விலை" என்றாள் அந்தப் பிள்ளை. முகாமையாளரை அழைக்கச் சொன்னேன். அவர் வருவதற்குள் எனக்குப் பின்னால் நின்ற முதியவர் ஒருவர், "தம்பி, முப்பத்தைந்து ரூபாவுக்காக எங்களையெல்லாம் மறிக்கிறியளோ?" என்று கேட்டார்.

முகாமையாளர் வந்தார். சீட்டு மாற்ற மறந்துவிட்டார்கள் என்றார். என் காசைத் திருப்பித் தந்தார். நன்றி சொல்லி வெளியே வந்தேன். அந்த முதியவரும் வந்தார். பேச்சுக் கொடுத்தேன். அவர் ஒரு கமக்காரர். அன்று விடியற்காலை கத்தரிக்காய் 50 கிலோ சந்தைக்குக் கொண்டு சென்றிருக்கிறார். கழிவு என்ற பெயரில் 5 கிலோ கழித்து, 45 கிலோவுக்கே காசு கொடுத்திருக்கிறார்கள். "நீங்கள் ஏன் கேட்கவில்லை?" என்றேன். "கேட்டால் நாளைக்கு எடுக்கமாட்டாங்கள் தம்பி" என்றார்.

அன்பர்களே, இரண்டு நாட்களின் பின் அதே அங்காடிக்குச் சென்றேன். அதே இறாக்கையில் அதே பழைய விலைச்சீட்டு இருந்தது. என் 35 ரூபா திரும்பிவிட்டது. கேளாதவர்களுடைய 35 ரூபா திரும்பவில்லை. காலையில் விற்கும்போது 5 கிலோவை இழந்தவர், மாலையில் வாங்கும்போது 35 ரூபாவை இழக்கிறார். இரண்டு இடத்திலும் அவர் இழந்ததற்குக் காரணம் ஒன்றே: கேட்பது மரியாதையன்று என்று அவர் பழக்கப்பட்டிருக்கிறார். இன்று நான் பேச வந்த விடயம் இதுதான்.

கொடுத்ததும் பெற்றதும்

பழைய பலசரக்குக் கடையிலே முதலாளி எழுந்து வருவார். சாமானை நிறுப்பார், சரை சுற்றுவார், கணக்கை எழுதிக் காட்டுவார். வாங்குபவன் நின்ற இடத்தில் நின்றான். 1916ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் புதிய முறை ஒன்று தொடங்கப்பட்டது. வாங்குபவனே உள்ளே சென்று, தானே எடுத்து, தானே கூடையிற் சுமந்து, வாசலிலே காசு கொடுத்துச் செல்லும் முறை அது. கடையாளின் வேலையில் ஒரு பங்கை வாங்குபவன் ஏற்றுக்கொண்டான். அதற்குப் பதிலாக அவனுக்கு என்ன கிடைத்தது? விலைக்குறைவு. இதுவே அந்த முறையின் உள்ளார்ந்த ஒப்பந்தம்: "உனக்கு உபசாரம் குறையும், விலையும் குறையும்."

போருக்குப் பின்னர் நம் பகுதிக்கும் அந்த முறை பெருமளவில் வந்தது. அதனை நான் வெறுக்கவில்லை. சுத்தம் உண்டு, நிழல் உண்டு, திகதி பார்த்து வாங்கும் வசதி உண்டு. ஆனால் இன்றைய நிலை என்ன? சுமப்பவர்கள் நாம், தேடுபவர்கள் நாம், விலையைச் சரிபார்ப்பவர்களும் நாம். மேசைகள் மூடிக் கிடக்கின்றன. மிச்சக்காசுக்கு இனிப்பு நீட்டப்படுகிறது. 2025 நவம்பர் 1ஆம் திகதியிலிருந்து பொலித்தீன் பைக்கும் சட்டப்படி காசு கொடுக்கிறோம். சூழலைக் காக்கும் விதி அது; அதனை ஏற்போம். ஆனால் உபசாரம் குறைந்த அளவுக்கு விலை குறைந்ததா? ஒப்பந்தத்தின் ஒரு பாதி நிறைவேறியது. மறு பாதி காற்றிலே போயிற்று.

அந்த மேசையில் இருந்த பிள்ளைமீது எனக்குக் கோபமில்லை. ஆறு பேரின் வேலையை இரண்டு பேர் செய்யும்போது புன்னகையை எங்கிருந்து எடுப்பார்கள்? அவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். குறை சொல்ல வேண்டியது ஆட்களைக் குறைத்தவரிடத்தில், ஆட்களிடத்தில் அன்று.

ஏறிய படி இறங்கவில்லை

விலை ஏறியதற்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2022 மார்ச்சுக்கு முன் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை சென்றது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ருவரியில் 66 சதவீதமும் கூட்டப்பட்டது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாயிற்று. குளிர்பெட்டிகளை இரவும் பகலும் ஓட்டும் கடைக்காரனுக்கு இவை மெய்யான சுமைகள்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதமாகக் குறைந்தது என்று கேட்டு மகிழ்ந்தோம். பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று பொருளன்று. விலை ஏறும் வேகம் குறைந்தது என்பதே பொருள். ஏறிய படியிலே அது அப்படியே குந்தியிருக்கிறது. 2025 ஜனவரியில் மின்கட்டணம் 20 சதவீதம் குறைக்கப்பட்டபோது எந்த இறாக்கையில் எந்த விலை குறைந்தது? ஜூனில் மீண்டும் 15 சதவீதம் கூடியது. அது வேறு கதை. இடைப்பட்ட மாதங்களின் இலாபம் யாருக்குச் சென்றது? செலவு கூடும்போது அன்றே மாறும் விலைச்சீட்டு, செலவு குறையும்போது மட்டும் மாற மறந்துவிடுகிறது.

கமக்காரரின் கணக்கையும் பார்ப்போம். 2025 பெப்ருவரியில் அரசாங்கம் அறிவித்த உத்தரவாத விலை நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபா. 2024 டிசம்பரில் விதிக்கப்பட்ட நாட்டு அரிசியின் உச்ச சில்லறை விலை 230 ரூபா. ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நெல் வேண்டும். ஆகவே 230 ரூபாவில் 180 ரூபா நெல்லின் விலை. எஞ்சிய 50 ரூபாவும் தவிடும் ஆலைக்காரர், வண்டிக்காரர், கடைக்காரர் ஆகியோரின் பங்கு. உலர்ந்த நெல்லுக்குரிய விலை இது. களத்து ஈரத்தோடு விற்றவனுக்கு இது கிட்டவில்லை என்பதையும் நான் அறிவேன். ஆயினும், நியாயமா அநியாயமா என்று வாதிடுவதற்கு நம் கையிலே இரண்டு எண்களாவது இருக்கின்றன. கத்தரிக்காய்க்கும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அவ்வெண்கள் எங்கே? தோட்டத்திலே என்ன கொடுத்தார்கள், இறாக்கையிலே என்ன எடுத்தார்கள் என்பதை அருகருகே எழுதிப் பார்த்தவர் யார்?

சட்டம் சொல்வது

இறாக்கையில் ஒட்டிய விலைக்குத் தந்தே ஆகவேண்டும் என்று கடைக்காரனைக் கட்டுப்படுத்த முடியுமா? ஒப்பந்தச் சட்டத்தைக் கேட்டால் முடியாது என்றே சொல்லும். 1953ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம், தாமே எடுத்து வாங்கும் மருந்துக்கடை ஒன்றைப் பற்றிய வழக்கில், இறாக்கையிற் பொருளை வைப்பது வாங்க வரும்படி அழைப்பதேயன்றி விற்பனை முனைவு அன்று என்றும், காசு மேசையிலேயே ஒப்பந்தம் முடிகிறது என்றும் தீர்ப்பளித்தது. சட்டம் படித்த ஒவ்வொருவரும் முதலாண்டிலே படிக்கும் வழக்கு இது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒப்பந்தச் சட்டம் விட்ட இடைவெளியைப் பாராளுமன்றச் சட்டம் அடைத்திருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி, நாம் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தந்தே ஆகவேண்டும். 30ஆம் பிரிவு வாங்குபவனை ஏமாற்றும், அல்லது ஏமாற்றக்கூடிய நடத்தையைத் தடுக்கிறது. ஒரு விலையைக் காட்டி இன்னொரு விலையை எடுப்பது வேறென்ன? உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்றால், மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம் என்கிறது 13ஆம் பிரிவு. விசாரணையின் பின் பொருளை மாற்றிக் கொடுக்கவோ காசைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிடும் அதிகாரம் அச்சபைக்கு உண்டு.

உச்சவிலையை மீறுவோருக்கான தண்டம் 2021ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினால் உயர்த்தப்பட்டது. தனி வியாபாரிக்கு முதற் குற்றத்துக்கே ஒரு இலட்சத்திலிருந்து ஐந்து இலட்சம் ரூபா வரை. கம்பனியாயின் ஐந்து இலட்சத்திலிருந்து ஐம்பது இலட்சம் வரை. 2025 ஏப்ரிலில் அரை லீற்றர் போத்தல் தண்ணீருக்கு 70 ரூபா என்று உச்சவிலை விதிக்கப்பட்டது. அதற்குமேல் சில ரூபா வாங்கியவர்கள் நீதவான் நீதிமன்றத்திலே இலட்சக்கணக்கில் தண்டம் கட்டியதைப் பத்திரிகைகளில் வாசித்தீர்கள். சட்டத்துக்குப் பல் உண்டு. அதன் வாயைத் திறப்பதற்கே ஆளில்லை.

முறைப்பாட்டை எம்மொழியில் எழுதுவது என்று தயங்க வேண்டாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழி. தமிழிலே எழுதுங்கள், தமிழிலே மறுமொழி பெறுங்கள். எழுத நேரமில்லாதவர்களுக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

சங்கக்கடையின் பாடம்

தொண்ணூறுகளிலே, பொருளாதாரத் தடைக் காலத்தில், சிறுவனாக நான் குடும்ப அட்டையோடு சங்கக்கடை வரிசையில் நின்றிருக்கிறேன். சீனி இல்லை, சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் போத்தலிலே அளந்துதான். ஆயினும், வாசலிலே ஒரு கரும்பலகை இருந்தது. அன்று வந்த சரக்கு எவ்வளவு, விலை என்ன, ஒரு அட்டைக்கு எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். வறுமையிலும் நாங்கள் ஏமாற்றப்படவில்லை என்ற எண்ணம் அந்தக் கரும்பலகையிலிருந்து பிறந்தது.

இது நமது கண்டுபிடிப்பு அன்று. 1844ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் ரொச்டேல் நகரத்தில் 28 பேர், பெரும்பாலும் ஏழை நெசவாளரும் கைத்தொழிலாளரும், தங்கள் சேமிப்பைக் கூட்டி ஒரு கடை திறந்தார்கள். முதல் நாள் விற்றவை வெண்ணெய், சீனி, மா, ஓட்ஸ் மா, மெழுகுதிரி ஆகிய சில பொருட்களே. கலப்படம் இல்லை, எடை குறைவில்லை, கடன் இல்லை என்பவை அவர்களுடைய விதிகள். இலங்கையிலே 1911இற் கூட்டுறவுச் சட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போரின் பங்கீட்டுக் காலத்தில் ஊர்தோறும் பண்டசாலைகள் தோன்றின. 1957இலிருந்து பலநோக்குச் சங்கங்கள் வளர்ந்தன.

அந்தச் சங்கங்களிலும் ஊழல் புகுந்தது, கட்சி புகுந்தது, தூசும் புகுந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. சங்கக்கடை தளர்ந்ததற்குப் பல்பொருள் அங்காடி மட்டும் காரணமன்று. உறுப்பினர் கூட்டத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்த நாமும் காரணம்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பவை மூன்று.

முதலாவது, பற்றுச்சீட்டு இல்லாமல் எந்தக் கடையையும் விட்டு வெளியேறாதீர்கள். வாசலைத் தாண்டுமுன் அதனை வாசியுங்கள். பிழையிருந்தால் பணிவாகச் சொல்லுங்கள், திருத்தாவிட்டால் எழுதுங்கள். பின்னால் நிற்பவர் முறைப்பாடு செய்தால், "உங்களுக்காகவும்தான் ஐயா" என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, எழுதத் தெரிந்த உத்தியோகத்தர், எழுதத் தயங்கும் கமக்காரருக்காக எழுதிக் கொடுங்கள். அதற்குக் கூலி வாங்காதீர்கள். கிழமையில் ஒரு மாலை இந்த வாசிகசாலைக்கு நான் வருகிறேன். என் பேனாவும் வரும்.

மூன்றாவது, இந்த மண்டபத்தின் வாசலிலே ஒரு கரும்பலகை வையுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்துப் பொருட்களுக்கு, சந்தையிலே கமக்காரருக்குக் கிடைத்த விலை ஒருபுறம், கடையிலே நாம் கொடுத்த விலை மறுபுறம், கழித்த கழிவு கீழே என்று எழுதுங்கள். யாரையும் திட்ட வேண்டாம். எண்ணை மட்டும் எழுதுங்கள். கழிவு கேட்டால் நாளைக்கு எடுக்கமாட்டாங்கள் என்று ஒருவர் தனியாக அஞ்சலாம். ஊர் முழுவதும் ஒரே பலகையிலே எழுதும்போது எத்தனை பேரிடம் எடுக்காமல் விடுவார்கள்?

அந்த முதியவர் இன்று இந்தக் கூட்டத்திலே இருக்கிறாரோ நான் அறியேன். இருந்தால் அவருக்கு ஒன்று சொல்வேன்: ஐயா, அன்று உங்களை மறித்தது நானல்ல, மூடிக் கிடந்த நான்கு மேசைகள். முதலாவது சனிக்கிழமை அந்தப் பலகையிலே முதல் வரியை, உங்கள் கத்தரிக்காயின் கணக்கை, நீங்களே எழுத வேண்டும்.