ஆறு மாதத்திற்கு ஒரு பணம்



பல்கலைக்கழகம் செல்லும் நம்மில் பலர், 1997இல் நிறுவப்பட்ட பி.டி.பி.டி.என். வழங்கும் கல்விக் கடனையே நம்பியுள்ளோம். அப்பணம் மாதந்தோறும் வருவதன்று. பருவத்திற்கு ஒருமுறையே வருவது. கட்டணங்கள் போக 1,800 ரிங்கிட் எஞ்சுவதாகக் கொள்வோம். பாடம் நடக்கும் நான்கு மாதங்களுக்கு மட்டும் அதனைப் பங்கிட்டால், விடுமுறையில் வெறுங்கையோடு நிற்போம். ஆறாக வகுத்தால் மாதம் 300. உணவுக்குரியதை முதலில் ஒதுக்கி, எஞ்சியதை வாரக் கணக்காக்கிக் குறிப்பேட்டில் எழுதி வருவோம். மளிகைக் கடைப் பற்றுப் புத்தகத்தோடு போராடிய நம் அன்னையர் இதனை நன்கறிவர். அவர்களிடம் கேட்பதில் இழுக்கில்லை. இது சம்பளமன்று, நாமே திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். புதிய கைத்தொலைபேசிக்கு இதில் இடமில்லை.

மற்றொன்று: பதிவு நாளன்றே பணம் வந்துவிடாது. தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் வேலை செய்து ஈட்டும் ஊதியத்தை அத்தொடக்க வாரங்களுக்கென இப்போதே சேர்த்துவைப்போம்.