கண்ணிமைத் தாழ்வும் மார்பின் கழலையும்

(நமது சங்கத்தின் விருதுநகர்க் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்யாசம்)



கண்ணில் தோன்றும் நோய் கண்ணிலேயே பிறந்ததென்று எண்ணுவது நம் வழக்கம். ஒரு கண்ணின் இமை சற்றே தாழ்ந்து, அதன் பாவையும் மற்றதைவிடச் சுருங்கியிருந்தால், சிவகாசியில் வெடிமருந்துத் தூசி பட்டதென்பர். விருதுநகரில் தூக்கமின்மை என்பர். 1869-இல் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து நேத்திர வைத்தியர் ஹார்னர் இக்குறியை விவரித்தமையால், அது அவர் பெயரால் வழங்குகின்றது.

பாவையை விரிக்கும் பரிவு நரம்பின் வழி, மூன்று நரம்புகள் தொடர்ந்து அமைந்ததாகும். அது மூளையினின்று முதுகுத்தண்டில் மார்பளவு இறங்கி, நுரையீரலின் உச்சியைக் கடந்து, கழுத்தின் இரத்தக்குழாயுடன் மேலேறிக் கண்ணை அடைகின்றது. ஆதலின் நுரையீரல் உச்சியில் எழும் புற்றுக் கழலை அந்நரம்பை நசுக்கினால், குறி கண்ணில் தோன்றும். அமெரிக்க எக்ஸ்ரே நிபுணர் பான்கோஸ்ட் 1924-லும் 1932-லும் இக்கழலையைப் பற்றி எழுதினார்.

நரம்பு எவ்விடத்தில் கெட்டதென்று அறிய ஓர் உபாயம் உண்டு. ஹைட்ராக்ஸிஆம்பிடமின் என்னும் சொட்டு மருந்து, கடைசி நரம்பின் முனையில் சேர்ந்துள்ள நாரட்ரினலினை வெளிப்படுத்திப் பாவையை விரிப்பது. தாம்ஸன், மென்ஷர் என்னும் இருவர் 1971-இல் இச்சோதனையைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டனர். கடைசி நரம்பு கெட்டிருப்பின் பாவை நன்கு விரியாது. விரியுமாயின் கடைசி நரம்பு நலமே. கேடு அதற்கு முந்திய வழியில், மார்பு முதலிய இடங்களில் இருத்தல் கூடும். மருந்துக்கு விரிந்ததென்று மகிழுமிடத்திலேயே நாம் அஞ்ச வேண்டும். விரியாவிடினும் கழுத்துக் குழாய் கிழிந்திருக்கலாம். ஆகவே எவ்வாறாயினும் படமெடுத்துப் பார்த்தல் அவசியம்.

பாவையை விரிக்கக் கண் முகாம்களில் பினைலெப்ரின் சொட்டும் இடுவதுண்டு. அதனை இட்டபின் பாவைகளின் வேற்றுமையை அறிவது அரிது. எனவே சொட்டு இடுமுன்னரே, "என் இமை தாழ்ந்திருக்கிறது" என்று வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் குனிந்து உழைப்போர், தோள்வலியை வேலையின் வலியென்று தைலம் தடவிப் பொறுப்பர். விடாத தோள்வலியோடு, ஒரு பக்க இமைத் தாழ்வும், வெயிலிலும் முகத்தின் அப்பாதி வியர்க்காமையும் சேர்ந்தால் நாள் கடத்தலாகாது. புகைபிடிப்போர் இதில் பெரிதும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

நம் முன்னோர் இவ்வூரில் வீடுதோறும் பிடியரிசி சேர்த்துக் கல்விச்சாலை வளர்த்தனர். அவர்கள் வழிவந்த ஆலை முதலாளிகளை நான் வேண்டுவது ஒன்றே. இமை தாழ்ந்து வரும் தொழிலாளியை, அன்றைய கூலியைக் குறைக்காமல் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். கூலி போகுமென்று அஞ்சி அவன் இழக்கும் நாட்கள் திரும்பி வாரா.