தற்செயலும் கணக்கும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

தற்செயலைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். யான் கணிதப் பேராசிரியன் அல்லேன். இரயில்வே அலுவலகத்தில் எண்களைக் கூட்டிக் கழிக்கும் எழுத்தன். ஆயினும் இப்பொருளுக்குப் பள்ளிக் கணக்கே போதுமானது.

நளன் கதையை நாம் அறிவோம். சூதில் நாட்டை இழந்த நளன், இருதுபன்னன் என்னும் மன்னனுக்குத் தேரோட்டியாகிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைக் கண்ட மன்னன், அதன் காய்கள் இத்தனை என்று நொடியில் உரைக்கிறான். எண்ணிப் பார்த்தால் கணக்குத் தவறவில்லை. அந்தக் கலையைக் கற்ற பின்னரே நளனைக் கலி விட்டு நீங்குகிறான். சூதின் மயக்கத்தைத் தீர்க்கும் மருந்து கணக்கறிவே என்பதை இதனினும் அழகாகக் கூற இயலுமா? மேலைநாட்டிலும் 1654ஆம் ஆண்டில் பாஸ்கல், ஃபெர்மா என்னும் இருவர் சூதாட்டத்தைப் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்தே இக்கணிதம் தழைத்தது. இதனை நிகழ்தகவு என்பர்.

இதன் விதி எளியது. பகடைக்கு முகங்கள் 6. நாம் வேண்டும் முகம் 1. ஆகவே அது விழும் வாய்ப்பு 6இல் 1. நிகழக்கூடிய வழிகள் எத்தனை, அவற்றுள் நாம் கருதும் வழிகள் எத்தனை என்று எண்ணுதலே முழுக் கலையும்.

எண்ணாமல் வியப்பவர் ஏமாறுவர். இம்மன்றத்தில் இருவருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் என்றால், ‘என்ன பொருத்தம்!’ என்போம். ஆனால் 23 பேர் கூடிய இடத்திலேயே அவ்வாறு நேரும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். ஆண்டுக்கு 365 நாள் இருக்க, இது எங்ஙனம்? ஆட்களை எண்ணாதீர்கள், இணைகளை எண்ணுங்கள். 23 பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் 253 இணைகள் உண்டு. ஒவ்வோர் இணையும் பொருத்தத்திற்கு ஒரு வாய்ப்பு. 50 பேர் கூடினால், நூற்றுக்கு 97 பங்கு அது நேர்ந்தே தீரும். பொருத்தம் இல்லாதிருந்தாலன்றோ வியக்க வேண்டும்!

தாய்மார்களே, இனிக் கூறுவதை மனத்திற் கொள்ள வேண்டுகிறேன். மூன்றும் பெண்ணாகப் பிறந்த வீட்டில், ‘நான்காவது கட்டாயம் ஆண்தான்’ என்று ஒருவர் கூறுவார். ‘இவள் ராசி அப்படி’ என்று மற்றொருவர் பழிப்பார். இரண்டும் பிழை. ஆண் பிறப்பு சிறிதளவு மிகுதி எனினும், ஏறக்குறையப் பாதிக்குப் பாதி என்றே கொள்ளலாம். சுண்டிய காசுக்கு முன் விழுந்தது நினைவிராது. அதுபோல் நான்காம் பிறப்பிலும் வாய்ப்பு பாதியே. நான்கு குழந்தைகள் உள்ள 16 வீடுகளை எடுத்தால், சராசரியாக ஒரு வீட்டில் நால்வரும் பெண்களாகவே இருப்பர். இது எண்ணின் இயல்பு. எவர் செய்த பாவமும் அன்று. மேலும், குழந்தை ஆணா பெண்ணா என்பது தந்தையின் உயிரணுவால் அமைவது. அங்ஙனமிருக்க, அப்பெண்ணைக் கண்ணீர் விடச் செய்வது எந்த நீதி?

‘எனக்குச் சோதிடர் ஆண் என்றார், அப்படியே பிறந்தது’ என்பாரும் உளர். பத்து வீட்டாருக்கு ஆண் என்றே உரைப்பவர், ஏறத்தாழ ஐந்து வீடுகளில் வெல்வார். அந்த ஐவரே அவர் புகழை ஊரெங்கும் பரப்புவர். மற்ற ஐவர் வாய் திறவார்.

பரிசுச் சீட்டின் கதையும் இஃதே. தமிழ்நாட்டில் 1968இல் அரசே அதனைத் தொடங்கிற்று. 2003இல் அதன் விற்பனை தடை செய்யப்பட்டது. கருநாடகமும் 2007இல் தடை செய்தது. கேரளத்தில் 1967இல் தொடங்கிய அரசுச் சீட்டு இன்றும் நடைபெறுகிறது. பாலக்காட்டுப் பக்கம் சென்று வருவோர் சட்டைப்பையில் அதனைக் காணலாம்.

ஒரு கோடிச் சீட்டுகளில் ஒன்றுக்கு முதற் பரிசு என்று கொள்வோம். ஒரு கோடி என்பது எத்துணை? ஒரு கோடி நொடிகள் கழிய ஏறத்தாழ 116 நாட்கள் வேண்டும். தைப்பொங்கல் முதல் சித்திரை முடியும் தறுவாய் வரை, இரவு பகலாக ஓடும் நொடிகளுள் ஒன்றை யான் மனத்தில் நினைக்க, அதே நொடியைத் தாங்கள் கூற வேண்டும். முதற் பரிசு அத்துணை அரிது! வாரம் ஒரு சீட்டாக 40 ஆண்டுகள் வாங்கினாலும் 2,080 சீட்டுகளே ஆகும். வாய்ப்பு ஏறக்குறைய 4,800இல் ஒன்று. சீட்டு 50 ரூபாய் எனின், செலவு 1,04,000 ரூபாய்! வென்றவர் படம் நாளிதழில் வரும். தோற்றவர் அனைவர் படத்தையும் அச்சிட எந்த நாளிதழுக்கு இடமுண்டு? சூதில் வரும் வெற்றியையே மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். கைப்பேசிச் சூதுக்கும் அவ்வுவமை பொருந்தும்.

யான் ஊழை மறுக்க வந்தேனல்லேன். வள்ளுவரே அதற்கு ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். ஊழ் என்று கூறுமுன் ஒரு முறை எண்ணிப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். எண்ணிப் பார்க்கும் வீட்டில் சம்பளப் பணம் நிலைக்கும். பெண்பிள்ளைகளைப் பெற்றவள் தலை நிமிர்ந்து நடப்பாள்.