ஜெயில்ல இருந்து வந்தவங்களுக்கு ட்ரோன் வேலை: கதவு எங்க திறக்குது, எங்க மூடுது?

ஜெயில்ல இருந்து வெளிய வர்றவங்களுக்கு ட்ரோன் பைலட் பயிற்சி கொடுத்தா திருப்பூர் பக்கம் வேலை கிடைக்குமான்னு ஒரு நேயர் கேட்டிருந்தார். அவரோட தம்பி ஏழு மாசம் உள்ள இருந்துட்டு இப்ப ஜாமீன்ல வந்திருக்கார். பத்தாவது பாஸ், வயசு 24. அதனால சும்மா "நல்ல யோசனைங்க"ன்னு சொல்லிட்டுப் போக மனசு வரல. கொஞ்சம் விவரமாவே பேசிடலாம்.

முதல்ல ஒண்ணு சொல்லணும். திருப்பூர்ல வேலை கிடைக்கறது பெரிய பிரச்சினையே இல்லை. நான் பனியன் கம்பெனில சூப்பர்வைசரா இருந்தவன். கான்ட்ராக்ட்காரர் ஒருத்தர் கூட்டிட்டு வந்தா, "ஓவர்லாக் ஓட்டுவியா, பவர் டேபிள் தெரியுமா?" அவ்வளவுதான் கேள்வி. சனிக்கிழமை சம்பளம். பழைய கதையை யாரும் தோண்ட மாட்டாங்க. ஆனா பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனில நிரந்தர வேலைன்னு போனா பேப்பர் கேப்பாங்க. அங்கதான் பல பேர் பின்வாங்கிடறாங்க. பீஸ் ரேட்லயே வாழ்க்கை ஓடிடுது.

ட்ரோன்ல அப்படி இல்லை. சான்றிதழ் இல்லாம தொழிலா பறக்கவிட முடியாது. 2021 ட்ரோன் விதிகள் என்ன கேக்குதுன்னு பாருங்க: வயசு 18-க்கு மேல, 65-க்குள்ள இருக்கணும். பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணும். டிஜிசிஏ அங்கீகாரம் கொடுத்த பயிற்சிப் பள்ளில படிச்சு முடிக்கணும். வழக்கு இருக்கா, தண்டனை வாங்கியிருக்கியான்னு அந்தத் தகுதிப் பட்டியல்ல கேள்வியே கிடையாது. சான்றிதழ் கிடைச்சா 10 வருஷம் செல்லும்.

அப்புறம் என்ன தடைன்னு கேப்பீங்க. பாஸ்போர்ட்! ஆரம்பத்துல விண்ணப்பத்துக்கு பாஸ்போர்ட் கட்டாயமா இருந்துச்சு. வயக்காட்டுல மருந்து அடிக்கிற பையனுக்கு பாஸ்போர்ட் எதுக்குன்னு எனக்கு அப்பவே புரியல. 1967 பாஸ்போர்ட் சட்டத்துல 6-வது பிரிவு இருக்கு. கோர்ட்ல கிரிமினல் வழக்கு நிலுவைல இருந்தா பாஸ்போர்ட்டை மறுக்கலாம். ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக ரெண்டு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை வாங்கி, அஞ்சு வருஷம் முடியலைன்னாலும் மறுக்கலாம். ட்ரோன் விதில ஜெயில்ங்கற வார்த்தையே இல்லாம, இந்த ஒரு பேப்பர் வழியா கதவு மூடியிருந்துச்சு.

2023 செப்டம்பர்ல அதை மாத்திட்டாங்க. வோட்டர் ஐடி, ரேஷன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ்னு அரசு கொடுத்த அடையாளமும் முகவரிச் சான்றும் போதும்னு திருத்தம் வந்துச்சு. கிராமத்து இளைஞர்கள்கிட்ட பாஸ்போர்ட் இல்லைங்கறதுக்காகச் செஞ்ச மாற்றம் அது. ஜெயில்ல இருந்து வந்தவங்களை மனசுல வச்சு செஞ்சதில்லை. ஆனா அவங்களுக்கும் வழி திறந்துடுச்சு. நம்ம நேயரோட தம்பிக்கு இதுதான் முக்கியமான செய்தி.

இன்னொண்ணு. சிறைவாசின்னா தண்டனை முடிச்சவர்னுதான் நாம நினைக்கிறோம். 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகள்ல இருக்கறவங்கள்ல நாலுல மூணு பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன்ல வந்து வருஷக்கணக்கா வாய்தாவுக்கு அலையறவங்க. "தண்டனை முடிஞ்சவருக்கு மறுவாழ்வு"ன்னு திட்டம் போட்டா இவங்க எந்தக் கணக்குலயும் வர மாட்டாங்க.

சிறைக்குள்ளயே கத்துக் கொடுக்கலாமான்னா, பாதி முடியும். கோவை மத்திய சிறைல நெசவு வேலை இருக்கு, பத்தாவது பரீட்சையும் உள்ளயே எழுதறாங்க. வ.உ.சி. செக்கிழுத்த சிறைங்க அது. சிறைத்துறை நடத்துற பெட்ரோல் பங்க்ல சிறைவாசிகள் வேலை பாக்கறதை நீங்களே பாத்திருப்பீங்க. புழல்ல 2023-ல பெண் சிறைவாசிகளுக்குன்னே ஒரு பங்க் வந்துச்சு. பெட்ரோல் போடச் சொல்லி நம்புறவங்க, ட்ரோனை சிறை வளாகத்துல பறக்கவிட நிச்சயம் சம்மதிக்க மாட்டாங்க. அதுல நியாயமும் இருக்கு. ஆனா விதிமுறை, வானிலை, பேட்டரி, கம்ப்யூட்டர்ல சிமுலேட்டர், இதெல்லாம் உள்ளயே படிக்கலாம். பத்தாவது முடிக்காதவங்களுக்கு முதல்ல அந்தப் பரீட்சைதான் பயிற்சி.

சரி, வேலை எங்க இருக்கு? உடுமலை, குடிமங்கலம், தாராபுரம் பக்கம் மக்காச்சோளம். பல்லடம் கோழிப்பண்ணைத் தீவனத்துக்குப் போற சோளம். படைப்புழு வந்ததுக்கப்புறம் ஆள் உயரப் பயிருக்குள்ள நுழைஞ்சு மருந்து அடிக்க ஆளே வர்றதில்லை. பத்து லிட்டர் டேங்க் ட்ரோன் ஒரு ஏக்கரை ஏறக்குறைய பத்து நிமிஷத்துல முடிச்சிடும். அடுத்தது காத்தாடி. நம்ம பனியன் முதலாளிங்க பல பேருக்கு அந்தப் பக்கம் சொந்தக் காத்தாடி இருக்கு. காத்து குறைஞ்ச மாசங்கள்ல இறக்கையில விரிசல் பாக்க ட்ரோன் வேணும். கம்பெனி மாடில சோலார் தகடு சோதனையும் இருக்கு. திருப்பூர்ல இருந்து தெற்க பெரும்பாலும் பச்சை மண்டலம்தான், 400 அடி வரைக்கும் தனி அனுமதி வேண்டாம். பல்லடம் தாண்டி சூலூர் பக்கம் போனா மட்டும் விமானப்படைத் தளம் இருக்கு. மேப்பைப் பாக்காம அங்க பேட்டரியைக்கூட மாட்டாதீங்க. ஏற்கெனவே வழக்கு உள்ளவருக்கு அந்த மாதிரி தப்பு ரொம்ப விலை ஆகும்.

பணம்தான் சிக்கல். பயிற்சிக் கட்டணமே பத்தாயிரக்கணக்குல ஆகும், மருந்து அடிக்கிற ட்ரோன் லட்சக்கணக்குல. அதனால சான்றிதழ் வாங்கினவர் முதல்ல இன்னொருத்தரோட ட்ரோனைத்தான் ஓட்டணும். லட்ச ரூபாய் மெஷினை நம்பிக் கொடுக்க ஒரு முதலாளி வேணும். வேலையும் சீசன் வேலை. என்னைக் கேட்டா, தம்பி டெய்லரிங்கை விடவே கூடாது. சோளம் இருக்கற மாசம் ட்ரோன், மத்த மாசம் பவர் டேபிள்.

கடைசியா, யாரும் யோசிக்காத ஒரு விஷயம். ஜாமீன் நிபந்தனைப்படி தம்பி தினமும் காலைல 10 மணிக்கு ஸ்டேஷன்ல கையெழுத்து போடறார். சின்ன ரக ட்ரோனுக்குக் குறைஞ்சது அஞ்சு நாள் பயிற்சி, பள்ளி வேற ஊர்ல. ஒரு நாள் கையெழுத்து விட்டாலும் ஜாமீனுக்கே ஆபத்து. அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடி, பயிற்சிப் பள்ளிகிட்ட தேதி போட்ட சேர்க்கைக் கடிதம் ஒண்ணு வாங்குங்க. அதை வச்சு, நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி வக்கீல் மூலமா கோர்ட்ல மனு போடுங்க. உத்தரவு கைக்கு வந்தப்புறம் பஸ் ஏறட்டும்.