அயல்நாட்டுப் படிப்பும் வீட்டுக் கணக்கும்

கடல் கடந்து சென்று கல்வி கற்பது முன்னாளில் மிகச் சிலருக்கே வாய்த்த பேறு. இந்நாளிலோ நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் பள்ளியில் இருக்கும்போதே அதனை எண்ணிப் பார்க்கிறார்கள். இது வரவேற்கத்தக்கதே. ஆனால், ஆசைக்குத் துணையாகக் கணக்கும் இருத்தல் வேண்டும். அக்கணக்கை எவ்வாறு போடுவது என்பதை, ஜெர்மனியில் முதற்பட்டப் படிப்பு என்னும் ஓர் உதாரணத்தைக் கொண்டு இன்று விளக்க விரும்புகிறேன்.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்ற பேச்சு எங்கும் பரவியிருக்கிறது. அது பெரும்பாலும் உண்மையே. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களுள் மிகப் பல, போதனைக் கட்டணம் வாங்குவதில்லை. விலக்குகளும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ என 2017-இல் கட்டணம் விதித்தது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-இல் அத்தகைய மாணவர்களுக்குக் கட்டணம் கொண்டுவந்தது.

போதனை இலவசமாயினும் உணவும் உறையுளும் இலவசமல்ல. விசா பெறுமுன், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குரிய பணம் தன்னிடம் உண்டென மாணவன் காட்ட வேண்டும். மாதந்தோறும் ஓர் அளவுக்கு மேல் எடுக்க இயலாதபடி முடக்கிவைக்கும் கணக்கில் அதனைச் செலுத்துவதே பெருவழக்கு. 2021-இல் அத்தொகை 10,332 யூரோ, 2023-இல் 11,208, 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோவாக, அதாவது மாதம் 992 யூரோவாக, உயர்த்தப்பட்டது.

பெற்றோர் பலர் இந்த ஓராண்டுத் தொகையைத் திரட்டியவுடன் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். முதற்பட்டம் பெறக் குறைந்தது மூன்று ஆண்டுகளாகும். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போதும் பணவசதியைக் காட்டியாக வேண்டும். 11,904-ஐ மூன்றால் பெருக்கினால் 35,712 யூரோ. ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய் என வைத்துக்கொண்டால் 35,71,200 ரூபாய். நாணய மாற்று மதிப்பு பத்து ரூபாய் ஏறினால், மேலும் மூன்றரை லட்சத்துக்கு மேல் கூடும். விமானக் கட்டணமும் மொழிப் பயிற்சிச் செலவும் இதில் சேரவில்லை.

இனி, கடன். இருபது லட்சம் ரூபாயை நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கியதாகக் கொள்வோம். படிக்கும் மூன்று ஆண்டும் அதன்பின் ஓராண்டும் தவணை கேட்கமாட்டார்கள். ஆனால் வட்டி உறங்காது. தொகை முழுவதையும் தொடக்கத்திலேயே பெற்றிருந்தால், நான்கு ஆண்டுகளில் தனிவட்டி மட்டுமே எட்டு லட்சமாகும். வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்திருந்தால், அவ்வெட்டு லட்சமும் வீட்டின் மேல் ஏறிய பாரமேயாகும். அவ்வீட்டில் படிக்க வேண்டிய தங்கையும் ஒருத்தி இருக்கக்கூடும்.

உதவித்தொகை கிடைக்காதா என்று கேட்பீர்கள். இந்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் உரியது. ஜெர்மானியக் கல்விப் பரிமாற்ற நிறுவனமும் முதற்பட்டம் முழுவதற்கும் பொதுவாக உதவுவதில்லை. பகுதிநேர வேலை செய்யலாம். 2024-இல் மாற்றிய விதிப்படி ஆண்டுக்கு 140 முழுநாள் வரை அனுமதி உண்டு. ஆயினும், மொழி அறியாத புதிய ஊரில் கிடைக்குமோ கிடைக்காதோ என்றுள்ள கூலியை வரவுப் பக்கத்தில் எழுதுவது விவேகமன்று.

பணம் நடுவழியில் நின்றால் என்னவாகும்? 1913-இல் பரோடா மன்னரின் உதவியால் அமெரிக்கா சென்ற டாக்டர் அம்பேத்கர், 1916-இல் லண்டனில் பயிலத் தொடங்கினார். உதவிக்காலம் முடிந்தமையால் 1917-இல் படிப்பை நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. பம்பாயில் பேராசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, 1920-இல் மீண்டும் சென்றே அதனை முடித்தார். அத்தகைய உறுதி பதினெட்டு வயதுப் பிள்ளைகள் எல்லோரிடமும் இருக்கும் என எதிர்பார்க்கலாமா?

காலக் கணக்கும் வேண்டும். தேர்வு முடிவு வெளியான வாரத்தில் ஆசிரியரைத் தேடி வந்து வழி கேட்கும் பெற்றோரை நான் நிரம்பப் பார்த்திருக்கிறேன். அது காலங்கடந்த கேள்வி. ஜெர்மனியில் முதற்பட்ட வகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே நடக்கின்றன. அம்மொழியில் பாடம் கேட்கும் தேர்ச்சி பெற ஓராண்டேனும் உழைக்க வேண்டும். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் அதனைக் கற்பிக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புச் சான்று மட்டும் கொண்டு எல்லோரும் நேரே சேர இயலாது. இங்குள்ள பல்கலைக்கழகமொன்றில் ஓராண்டு தேறியபின் செல்வது வழிகளுள் ஒன்று. 2022 நவம்பரில் இந்திய மாணவர்களுக்குச் சான்றிதழ்ச் சரிபார்ப்பும் கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே, பதினோராம் வகுப்பிலேயே திட்டம் தொடங்க வேண்டும்.

பெற்றோர்களே, ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் மூன்று ஆண்டுச் செலவையும், எதிர்பாராச் செலவுக்கென இன்னும் ஓர் அரையாண்டுத் தொகையையும் எழுதுங்கள். மறுபக்கத்தில் கையிருப்பையும், தாங்கக்கூடிய கடனையும் எழுதுங்கள். பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு எழுதுங்கள். வீட்டு நிலைமையை மறைத்து அனுப்பப்பட்ட பிள்ளை, அங்கே சிக்கனத்தின் பொருளை அறியமாட்டான்.

இரண்டாம் ஆண்டுப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அத்தாளில் விடை இருந்தால், மனமகிழ்ந்து அனுப்புங்கள். இல்லையெனில், முதற்பட்டத்தை இங்கேயே நன்கு முடித்து, உதவித்தொகை கிடைக்கும் முதுகலைக்குச் செல்லட்டும். மூன்றாண்டு பொறுத்துச் செல்வதில் இழுக்கு ஏதுமில்லை. சென்ற பிள்ளை படிப்பை முடித்துத் திரும்புவதே பெருமை.