ஒரு வெள்ளியால் வளர்ந்த துறை

கடல் கடந்த நாட்டில் கல்வித்துறை வளர்ப்பது செல்வர்க்கே இயலும் என்பர். மலாயாத் தமிழர் வரலாறு வேறு கூறுகிறது.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய இயல் துறை தோன்றிய காலம். அதில் தமிழுக்கு உரிய இடம் கிட்டுமோ என்னும் ஐயம் எழுந்தது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் தொடங்கினார். எளிய உழைப்பாளரும் ஆளுக்கொரு வெள்ளி ஈந்தனர். அப்பொருள் பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்திற்கு உரமாயிற்று. 1961இல் தனிநாயகம் அடிகளார் அத்துறைத் தலைமை ஏற்றார். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

கட்டடத்தை அரசு எழுப்பலாம். அதனுள் தம் மொழி வாழ மக்களே ஈதல் வேண்டும். மணப்பாறையிலிருந்து அயல்நாடு சென்று பயிலும் இளையோர் இதனை நெஞ்சில் இருத்துக.