சொந்த மண்ணில் நடக்கட்டும் டேவிஸ் கோப்பை

டென்னிஸ் தனி மனிதரின் ஆட்டம். விம்பிள்டனிலோ பாரிஸிலோ வெல்கிறவர் தம் பெயருக்காக வெல்கிறார். பரிசுப் பணம், தரவரிசைப் புள்ளி எல்லாம் அவரையே சேரும். அப்படிப்பட்ட ஆட்டத்தில், ஆடவர்கள் தங்கள் நாட்டுக்காக அணி சேர்ந்து மோதும் போட்டி ஒன்று 1900-ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. அதுதான் டேவிஸ் கோப்பை. ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் டுவைட் டேவிஸ் தம் சொந்தப் பணத்தில் ஒரு வெள்ளிக் கிண்ணம் வாங்கி வைத்துத் தொடங்கிய போட்டி இது. முதல் ஆண்டில் ஆடியவை இரண்டே அணிகள்: அமெரிக்காவும் பிரிட்டிஷ் தீவுகளும். இடம், பாஸ்டன் நகரின் லாங்வுட் கிரிக்கெட் கிளப். அமெரிக்கா 3-0 என்று வென்றது. தோற்றுத் திரும்பிய பிரிட்டிஷ் வீரர் ரோப்பர் பாரெட், தரையில் புல் நீளமாக வளர்ந்திருந்ததையும் வலை தொய்ந்து கிடந்ததையும் பந்துகள் மெத்தென்று இருந்ததையும் குறையாகச் சொன்னார். அவர் குறைப்பட்டதில் நியாயம் இருக்கலாம். ஆனாலும் வேறொருவர் ஊருக்குப் போய், அவர்கள் தரையில், அவர்கள் கூட்டத்தின் முன்னால் ஆடி வெல்ல வேண்டும் என்ற நிபந்தனை முதல் நாளிலேயே இந்தப் போட்டியோடு பிறந்துவிட்டது. இன்று 150-க்கும் மேற்பட்ட நாடுகள் ஆடும் இந்தப் போட்டிக்கு உயிர் கொடுத்தது அந்த நிபந்தனைதான் என்பது என் கருத்து. கடந்த சில ஆண்டுகளில் அதைத்தான் கைவிட்டார்கள், இப்போது பாதி மட்டும் திருப்பித் தந்திருக்கிறார்கள். மீதியும் திரும்ப வேண்டும் என்று வாதிடவே இந்த உரை.

பழைய முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாடுகள் மோதினால், இரண்டில் ஒரு நாட்டில்தான் அந்த மோதல் நடக்கும். போன முறை நாம் அவர்கள் ஊருக்குப் போயிருந்தால், இந்த முறை அவர்கள் நம் ஊருக்கு வர வேண்டும். ஊரையும் அரங்கத்தையும் தரையையும் சொந்த நாடு தேர்ந்தெடுக்கும்: புல்லா, களிமண்ணா, கடினத் தளமா, கூரைக்குக் கீழா, திறந்த வெளியிலா என்பதெல்லாம் அவர்கள் விருப்பம். வெள்ளியன்று இரண்டு ஒற்றையர் ஆட்டம், சனியன்று இரட்டையர், ஞாயிறன்று எதிராளிகளை மாற்றி மீண்டும் இரண்டு ஒற்றையர். ஐந்தில் மூன்றை வெல்லும் நாட்டுக்கு வெற்றி. 2018 வரை உச்சப் பிரிவான உலகப் பிரிவில் இறுதிப்போட்டி உட்பட எல்லாமே இப்படித்தான் நடந்தன.

இந்த முறை என்ன தந்தது என்பதற்கு நம் நாட்டு வரலாறே போதிய சாட்சி. 1966 டிசம்பரில் கல்கத்தா சவுத் கிளப் புல்தரையில் இந்தியாவும் பிரேசிலும் மோதின. இரண்டுக்கு இரண்டு என்று சமநிலை. ஐந்தாவது ஆட்டத்தில் நம் ராமநாதன் கிருஷ்ணன், தாமஸ் கோக் என்ற இடக்கை வீரரிடம் ஒன்றுக்கு இரண்டு செட் பின்தங்கி, நான்காவது செட்டிலும் 2-5 என்று நின்றார். அங்கிருந்து அந்த செட்டை 7-5 என்றும், கடைசி செட்டை 6-2 என்றும் எடுத்து, இந்தியாவை முதல்முறையாக இறுதிக்குக் கொண்டுபோனார். மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றோம். அங்கும் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம்ப், ரோச் இணையை இரட்டையரில் வீழ்த்தினார்கள். 1974-இல் அதே சவுத் கிளப்புக்கு நடப்புச் சாம்பியனான ஆஸ்திரேலியா வந்தது. முந்தைய ஆண்டு கோப்பையை வென்று கொடுத்த லேவரும் நியூகோம்பும் அந்த அணியில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் வந்தவர்கள் எளிதில் விட்டுவிடவில்லை. மொத்தம் 327 கேம்கள் ஆடப்பட்டன; டேவிஸ் கோப்பையில் அதற்கு முன் எந்த மோதலும் அவ்வளவு நீண்டதில்லை. விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்களின் இந்தியா 3-2 என்று வென்றது. பிறகு புனேயில் சோவியத் ஒன்றியத்தையும் வென்று இறுதிக்குத் தகுதி பெற்றது. எதிரே நின்ற நாடு நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அமிர்தராஜ் சகோதரர்கள் தங்கள் வாழ்நாளின் மிக நல்ல வாய்ப்பை இழந்தார்கள். நாட்டின் பெயரால் ஆடும் போட்டி என்பதால்தான் நாட்டின் மனசாட்சிக்கும் அதில் இடம் இருந்தது. தனி மனிதர் ஆடும் சுற்றுப்போட்டியில் இப்படி ஒரு கேள்வி இவ்வளவு கூர்மையாக எழுந்திருக்காது.

மூன்றாவது முறை இறுதிக்குப் போனது 1987-இல். டெல்லியில் அர்ஜென்டினாவை 3-2 என்று வென்றோம். சிட்னியில், ஆஸ்திரேலியர்கள் தங்களுக்கு வசதி என்று நினைத்த புல்தரையில், கடைசி ஆட்டத்தில் ரமேஷ் கிருஷ்ணன் வாலி மாசூரைத் தோற்கடித்து நாட்டை இறுதிக்கு அழைத்துச் சென்றார். தந்தை ராமநாதன் 1966-இல் செய்ததை மகன் 21 ஆண்டு கழித்துச் செய்தார். இறுதிப்போட்டி ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில். ஸ்வீடன் உள்ளரங்கில் களிமண் தரை போட்டது. வில்லாண்டரும் யாரிடும் அந்தத் தரையில் வளர்ந்தவர்கள். நம்மவர்களோ புல்லில் பழகியவர்கள். 5-0 என்று தோற்றோம். இது அநியாயம் இல்லையா என்று கேட்கலாம். கல்கத்தாவில் ஆஸ்திரேலியர்களை நம் புல்லுக்கும் நம் வெயிலுக்கும் வரவழைத்தபோது நாம் அநியாயம் என்று சொல்லவில்லையே. முறை இருவருக்கும் ஒன்றுதான்.

சொந்த மண் வசதி முடிவையே வளைத்துவிடுகிறது என்பது பழைய முறைக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம். இது வெறும் கற்பனை இல்லை. 1972 இறுதிப்போட்டி ருமேனியாவின் புக்கரெஸ்டில் நடந்தபோது, கோட்டு நடுவர்களின் தீர்ப்புகள் சொந்த நாட்டுப் பக்கம் அப்பட்டமாகச் சாய்ந்தன. அதையும் மீறி ஸ்டான் ஸ்மித் துணையோடு அமெரிக்கா வென்றது. அத்தகைய மோசடிக்கு மருந்து நடுநிலை நடுவர்களும், பந்து விழுந்த இடத்தைக் காட்டும் கருவிகளும். அவை வந்துவிட்டன. மீதி இருப்பது தரையும் கூட்டமும்தான். அவை முடிவைத் தீர்மானித்துவிடுகின்றனவா? பழைய முறையின் கடைசி ஆறு இறுதிப்போட்டிகளைப் பாருங்கள். 2013-இல் பெல்கிரேடில் செர்பியாவை செக் குடியரசு வென்றது. 2014-இல் லீல் நகரில் பிரான்ஸை சுவிட்சர்லாந்து வென்றது. 2015-இல் பெல்ஜியம் தங்களுக்குச் சாதகமென்று களிமண் தரை போட்ட கென்ட் நகரில் ஆண்டி மர்ரியின் பிரிட்டன் வென்றது. அந்நாட்டுக்கு அது 79 ஆண்டு காத்திருப்பின் முடிவு. 2016-இல் சாக்ரெப் நகரில் இரண்டு செட் பின்தங்கிய டெல் போத்ரோ, மரின் சிலிச்சை வீழ்த்தி அர்ஜென்டினாவைக் காப்பாற்ற, அந்நாடு முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. 2018-இல் மீண்டும் லீல் நகரில் குரோஷியா. 2017-இல் மட்டும் பிரான்ஸ் தன் ஊரில் வென்றது. ஆறில் ஐந்தை வென்றது விருந்தாளி அணி. சொந்த மண் ஒரு வசதிதான். ஆனால் தாண்ட முடியாத மதில் இல்லை. அதைத் தாண்டியவர்கள் பெற்ற பெருமைக்கு வேறு ஈடும் இல்லை.

அந்த 2014 இறுதியின்போது லீல் கால்பந்து மைதானத்தில் ஒரே நாளில் 27,448 பேர் உட்கார்ந்து டென்னிஸ் பார்த்தார்கள். நான்கே ஆண்டில் இந்த முறையைக் கலைத்துவிட்டார்கள். 2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் கூடிய சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்ட இடத்தில் 71.43 விழுக்காடு ஆதரவோடு மாற்றத்தை நிறைவேற்றியது. ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் எதிர்த்து வாக்களித்தன. கால்பந்து வீரர் ஜெரார்ட் பிக்கேயின் கோஸ்மோஸ் நிறுவனத்தோடு 25 ஆண்டுக்கு 300 கோடி டாலர் ஒப்பந்தம் போடப்பட்டது. 2019-இல் 18 நாடுகள் மாட்ரிட்டில் ஒரே வாரத்தில் ஆடி முடித்தன. ஐந்து செட் மூன்றானது. ஐந்து ஆட்டமும் மூன்றானது. இத்தாலிக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான ஆட்டம் விடிகாலை 4 மணிக்கு மேல்தான் முடிந்தது. ஸ்பெயின் ஆடாத பல ஆட்டங்களில் இருக்கைகள் காலியாகக் கிடந்தன. 2023-இல் மான்செஸ்டரில் பிரான்ஸும் சுவிட்சர்லாந்தும் ஆடியபோது, அரங்கம் வெறிச்சோடிக் கிடந்ததை சுவிஸ் வீரர் ஸ்டான் வாவ்ரிங்காவே படம்பிடித்து ஊருக்குக் காட்டினார். பிரெஞ்சுக்காரரும் சுவிஸ்காரரும் மோதும் ஆட்டத்துக்கு மான்செஸ்டர் மக்கள் ஏன் வேலையை விட்டு வர வேண்டும்? அவர்கள் மீது குற்றமே இல்லை. கோஸ்மோஸ் ஒப்பந்தமும் 2023 ஜனவரியிலேயே முறிந்தது.

நடுநிலை இடம் என்று சொல்லப்படுவதிலும் ஒரு குறை இருக்கிறது. 2019-இல் மாட்ரிட்டில் வென்ற நாடு ஸ்பெயின். 2025 நவம்பரில் எட்டு அணிகள் கூடிய இடம் இத்தாலியின் போலோன்யா, வென்றது இத்தாலி. அவர்கள் தகுதியாகவே வென்றார்கள், அதுவும் தங்கள் முன்னணி வீரர் சின்னர் இல்லாமலே. அந்த வீரர்களின் உழைப்பைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. ஆனால் சொந்த மண் வசதி ஒழிந்துவிடவில்லை. முறை வைத்து எல்லோருக்கும் சுற்றிவந்த வசதி, போட்டியை நடத்தப் பணமும் அரங்கமும் உள்ள ஒரு நாட்டிடம் தங்கிவிட்டது. இது பழையதைவிட எப்படி நியாயமாகும்?

வீரர்களின் உடல்நிலையைக் காட்டிச் சொல்லப்படும் வாதம் இதைவிட வலுவானது. ஆண்டு முழுவதும் ஊர் ஊராகப் பறக்கும் ஒருவரை, நான்கு வாரம் ஒதுக்கி, தரை மாற்றி, ஐந்து செட் ஆடச் சொல்வது கொடுமை. பெரிய வீரர்கள் பலர் பல ஆண்டுகள் டேவிஸ் கோப்பையைத் தவிர்த்ததும் உண்மை. இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். ஐந்து செட்டை மூன்றாகக் குறைத்ததில் எனக்கு மறுப்பில்லை. மூன்று நாளை இரண்டாகச் சுருக்கியதும் சரியே. இன்றைக்கும் தகுதிச் சுற்றுகளில் அப்படித்தான் ஆடுகிறார்கள், விறுவிறுப்பு குறையவில்லை. தேவையென்றால் ஒரு கோப்பையை இரண்டு ஆண்டுக்குப் பரப்பி ஆடலாம். களைப்பைக் குறைக்க வழிகள் பல உண்டு. இடத்தைப் பறிப்பது அவற்றில் ஒன்றில்லை. பெரிய வீரர்கள் வருவார்கள் என்பதற்காகத்தானே மாற்றினார்கள்? 2025 போலோன்யாவில் சின்னரும் ஆடவில்லை, ஸ்பெயினின் அல்கராஸும் ஆடவில்லை. புதிய முறையிலும் நல்ல ஆட்டங்கள் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். 2023-இல் ஸ்பெயினின் மலகாவில் செர்பியாவின் ஜோகோவிச் வெற்றிக்கு ஒரே புள்ளி தூரத்தில் மூன்று முறை நின்றும், சின்னர் தப்பித்து அவரை வென்றது எந்தக் காலத்துக்கும் பெரிய ஆட்டம். இதே ஆட்டம் பெல்கிரேடிலோ டூரினிலோ நடந்திருந்தால் அதன் வெப்பம் எப்படி இருந்திருக்கும் என்றுதான் நான் கேட்கிறேன். 2010-இல் செர்பியா முதல் கோப்பையை வென்றது பெல்கிரேடில், தன் மக்கள் முன்னால். ஜோகோவிச் அடுத்த ஆண்டு உலகின் முதலிடத்துக்கு ஏறியதற்கு அந்த வெற்றி தந்த ஊக்கமும் ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். சிறிய நாடுகளின் சங்கங்களுக்குப் பணம் வேண்டும், ஒரே இடத்தில் நடந்தால் ஒளிபரப்பு உரிமை நல்ல விலைக்குப் போகும் என்றார்கள். அந்தப் பணம் எவ்வளவு நிலையானது என்பதை முறிந்துபோன ஒப்பந்தம் காட்டிவிட்டது. பழைய முறை விட்டுச்சென்ற சொத்து வேறு வகை. 1927-இல் பிரான்ஸ் கோப்பையை வென்றது. மறு ஆண்டு அதைத் தக்கவைத்துக்கொள்ள அமெரிக்காவுடன் சொந்த மண்ணில் ஆட வேண்டும். அந்த மோதலுக்காகக் கட்டிய அரங்கம்தான் ரோலாண்ட் கேரோஸ். உலகமே ஆண்டுதோறும் பார்க்கும் பிரெஞ்சு ஓபன் நடக்கும் இடம் டேவிஸ் கோப்பையின் சொந்த மண் விதியால் பிறந்தது. நம் ஊர் எடுத்துக்காட்டு அதைவிட நெருக்கமானது. 1997 முதல் 2017 வரை சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்த ஆடவர் சர்வதேசப் போட்டி புனேக்குப் போய், அங்கிருந்தும் போய்விட்டது. இன்று வெளிநாட்டின் நல்ல வீரர் ஒருவர் நாட்டுக்காக ஆடுவதை நம் ஊர்ப் பிள்ளை நேரில் பார்க்க வேண்டுமென்றால், டேவிஸ் கோப்பை இங்கே வந்தால்தான் உண்டு.

2025-இலிருந்து தகுதிச் சுற்றுகள் இரண்டும் சொந்த மண் முறையிலேயே நடக்கின்றன. இது நல்ல மாற்றம், வரவேற்கிறேன். அந்த ஆண்டு செப்டம்பரில் ‘உலகப் பிரிவு 1’ எனப்படும் கீழ்நிலைச் சுற்றில் சுவிட்சர்லாந்தின் பீல் நகருக்குப் போன இந்திய அணி 3-1 என்று வென்று வந்தது. 1993-இல் பிரான்ஸின் ஃப்ரேஜூஸ் ஊரில் லியாண்டர் பயஸும் ரமேஷ் கிருஷ்ணனும் வென்ற பிறகு, ஐரோப்பிய மண்ணில் ஐரோப்பிய நாடு ஒன்றை இந்தியா வீழ்த்தியது அப்போதுதான். முதல்முறையாக நாட்டுக்கு ஆடிய மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷ், தரவரிசையில் தம்மைவிட நானூறு இடங்களுக்கும் மேல் முன்னால் இருந்த ஜெரோம் கிம்மை அவர் நாட்டிலேயே தோற்கடித்தார். இத்தகைய வாய்ப்பு கீழ்ச் சுற்றுகளில் ஆடும் நாடுகளுக்கு இருக்கிறது. கடைசி எட்டுக்கு வந்துவிட்ட நாடுகளுக்குத்தான் இல்லை. காலிறுதியும் அரையிறுதியும் இறுதியும் மோதும் இரு நாடுகளில் ஒன்றில் நடக்க வேண்டும். யார் ஊர் என்பதைப் பழையபடி முறை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். சர்வதேசக் கூட்டமைப்பில் வாக்குரிமையுள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அடுத்த முறை இந்தக் கேள்வி வாக்கெடுப்புக்கு வரும்போது, சொந்த மண்ணுக்கு ஆதரவாக நம் சங்கம் கை தூக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.